தீட்சைக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மேலை நாட்டு பேகன் மரபுகள் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை வழிபடும் மரபுகள்) பற்றிய கட்டுரையில், தன்பாலீர்ப்பு ஆண்களுக்கென்றே உள்ள 'மினோவன் பிரதர்ஹூட்' பற்றி இரண்டு பத்திகள் வந்திருந்தன. அதை ஒட்டி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயரையும் தெருவையும் நாங்களே எடுத்துவிட்டோம். யாரும் யாரையும் அடையாளம் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

விக்கா என்று ஒரு மதம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஆண்களை ஆண்கள் விரும்புவது தவறில்லை என்றுதானே சொல்கிறார்கள்? அப்புறம் எதற்கு நமக்கென்று தனியாக ஒன்று? – காட்பாடி வாசகர்

இன்றைக்குப் பல விக்கா குழுக்களில் அப்படித்தான். 1970-களில் நிலைமை வேறு. இங்கிலாந்தில், சூனியம் செய்ய வல்லவன் என்று சொல்லிக்கொள்வதைத் தண்டித்த 1735-ஆம் ஆண்டின் விட்ச்கிராஃப்ட் சட்டம் 1951-இல் நீக்கப்பட்ட பிறகுதான், விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்த ஜெரால்டு கார்ட்னர் தன் மரபைப் பற்றி வெளிப்படையாக எழுத ஆரம்பித்தார். அந்த மரபின் சடங்கு முழுக்க ஆண்–பெண் இணையை அச்சாக வைத்துச் சுழல்வது. ஆணுக்குப் பெண் தீட்சை கொடுப்பாள், பெண்ணுக்கு ஆண் கொடுப்பான். சடங்குக்காகப் போடும் வட்டத்தில் நிற்கும்போதும் ஜோடி ஜோடியாகத்தான். ஆணை விரும்பும் ஆண் அதில் சேரலாம், ஆனால் தன்னுடைய விருப்பத்தை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நியூயார்க்கில் எட்டி புசின்ஸ்கி (1947–1989) இந்த மரபுகளுக்குள் இருந்து வந்தவர். 1972-இல் தன் துணைவர் ஹெர்மன் ஸ்லேட்டருடன் புரூக்ளின் ஹைட்ஸில் 'வார்லாக் ஷாப்' என்ற கடையைத் திறந்தார். நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் போலீசை எதிர்த்து எழுந்த ஸ்டோன்வால் கலவரம் நடந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. 1977-இல் அவர் தொடங்கியதுதான் மினோவன் பிரதர்ஹூட். அதில் தன்பாலீர்ப்பு ஆண்களும் இருபாலீர்ப்பு ஆண்களும் இருப்பார்கள், ஆணுக்கு ஆணே தீட்சை கொடுப்பான். கிரேக்கத் தீவான கிரீட்டின் புராண உலகம்தான் பின்னணி; அங்கே பழங்காலத்தில் வாழ்ந்த மக்களைத்தான் மினோவர்கள் என்கிறோம். நடுவில் இருப்பவள் மகா அன்னை, அவளுடைய மகன் அஸ்டெரியோன் என்னும் விண்மீன் தெய்வம். பெண்களை ஒதுக்கப் பிறந்த மரபு என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. வழிபாட்டின் தலைமை அந்த அன்னைக்குத்தான். புசின்ஸ்கியோடு சேர்ந்து வேலை செய்த லேடி ரியாவும் லேடி மிவ்வும் பெண்களுக்கென்று மினோவன் சிஸ்டர்ஹுட்டை உருவாக்கினார்கள். புசின்ஸ்கி பிற்பாடு பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்தார். எய்ட்ஸ் அவரை 42 வயதில் கொண்டுபோனது.

எங்கள் பக்கத்தில் ஒருவர், 'மூன்று தீட்சையும் ஒரே இரவில், நாற்பதாயிரம் ரூபாய், வெளிநாட்டு குரு வழி' என்கிறார். முன்பணம் ஐயாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? – சத்துவாச்சாரி வாசகர்

கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் மீதியைக் கொடுக்காதீர்கள்.

கார்ட்னரின் வழியில் வந்த மரபுகளில் தீட்சைக்குக் கட்டணம் வாங்குவது தடை. மெழுகுவர்த்தி, சாம்பிராணி, சாப்பாடு, வாடகை என்று ஆகிற செலவை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். அடுத்தது, 'ஒரே இரவில் மூன்று' என்ற பேச்சு. தீட்சை மூன்று படிகளாக வரும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் குறைந்தது ஓராண்டும் ஒரு நாளும் என்பது பழைய வழக்கம். முதல் படிக்கு முந்தைய பயிற்சிக்கும் பெரும்பாலான குழுக்கள் அதே கணக்கை வைத்திருக்கின்றன. மூன்றாம் படி எட்டியவரை மினோவன் மரபில் 'மினோஸ்' என்பார்கள். புதிதாக ஒரு குழுவைத் தொடங்கவும், பிறருக்கு எல்லாப் படிகளையும் கொடுக்கவும் பொறுப்பேற்பவர் அவர். பொறுப்பு என்பது பழகிப் பழகி வருவது, ஒரு இரவில் ஏற்றிவிடக் கூடியதல்ல.

அவரைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: "உங்களுக்குத் தீட்சை கொடுத்தவர் யார்? அவருக்கு யார்?" உண்மையான வழி என்றால் அந்தச் சங்கிலி புசின்ஸ்கி வரை போகும். சடங்கின் உரையை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஆனால் தங்கள் தீட்சைச் சங்கிலியை அதே மரபின் இன்னொரு மூத்தவர் சரிபார்ப்பதற்கு மறுக்க மாட்டார்கள். 'அதெல்லாம் ரகசியம்' என்று அங்கேயே மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் பணத்தோடு நிற்பதில்லை. 'விண்ணப்பத்துக்கு' என்று உடம்பின் படத்தைக் கேட்பார்கள். அது கையில் வந்த மறுவாரமே, 'வீட்டுக்கு அனுப்பவா?' என்று ஆரம்பிக்கும். எந்த மரபிலும் படம் கேட்கும் வழக்கம் கிடையாது. மிரட்டல் வந்துவிட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவுக்குள் வரும் குற்றம். நீங்கள் தன்பாலீர்ப்பாளர் என்பது, உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு குற்றமில்லை. புகார் கொடுக்கப் போகும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

பயிற்சி என்கிறீர்களே, அந்த ஓராண்டில் என்னதான் செய்வார்கள்? நாளொன்றுக்கு எவ்வளவு நேரம்? வேலைக்குப் போகிறவன் செய்ய முடியுமா? – ஆற்காடு வாசகர்

முடியும். நாளுக்கு அரை மணி நேரம், பௌர்ணமிக்கு ஒரு மாலை. இதற்கு மேல் ஆரம்பத்தில் செய்பவர்கள்தான் மூன்றாவது மாதம் விட்டுவிடுகிறார்கள்.

முதல் மூன்று மாதம் உட்காரப் பழகுவது. முதுகு நேராக, தரையிலோ நாற்காலியிலோ. படுத்துக்கொண்டு செய்தால் தூக்கம்தான் வரும், அதைத் தியானம் என்று நம்பி ஏமாந்துபோவீர்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, நான்கு நிறுத்தி, நான்கு விட்டு, நான்கு நிறுத்துங்கள். பத்து நிமிடம். தலை லேசாகச் சுற்றினால் நீங்கள் மூச்சைப் பலவந்தமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்து, நிறுத்துவதை விட்டுவிடுங்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை நிறுத்தவே வேண்டாம்.

அடுத்த பத்து நிமிடம் மனக்கண்ணில் காண்பது. ஒரு எலுமிச்சம்பழத்தை எதிரே வைத்து ஒரு நிமிடம் பாருங்கள், கண்ணை மூடி அதன் நிறம், காம்பு, தோலின் புள்ளி எல்லாவற்றையும் வரவழையுங்கள். உருவம் வரவில்லை என்று பலர் கவலைப்படுகிறார்கள். சிலருக்குப் படமாக வராது, தொடுகையாகவோ வாசனையாகவோ வரும். அதுவும் வேலை செய்யும். நான்காவது வாரத்திலும் எதுவுமே வரவில்லை என்றால் கிட்டத்தட்ட எப்போதும் காரணம் ஒன்றுதான்: போன் பக்கத்தில் இருக்கிறது.

மீதி பத்து நிமிடம் நோட்டுக்கு. தேதி, நிலவின் நிலை, உறங்கிய நேரம், கண்ட கனவு, செய்த பயிற்சி, உடம்பு எப்படி இருந்தது. கனவை எழுந்தவுடன், பல் தேய்ப்பதற்கு முன் எழுத வேண்டும். 'இன்று தெய்வீகமாக இருந்தது' என்று எழுதாதீர்கள், ஆறு மாதம் கழித்துப் படித்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. 'இடது கை மரத்தது, நாய் குரைத்ததும் கலைந்தது' என்று எழுதுங்கள். பயிற்சி கொடுப்பவர் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான்.

நான்காவது மாதத்திலிருந்து நிலவைப் பின்தொடர வேண்டும். பௌர்ணமியன்று நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழும், பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும். வேலூர் நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிழக்கே மலை மறைப்பதால் கணக்கிட்ட நேரத்தை விடத் தாமதமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆற்காட்டில் பாலாற்றுப் பாலத்துப் பக்கம் நின்றால் அந்தத் தொல்லை குறைவு. பஞ்சாங்கத்தைப் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் பௌர்ணமித் திதி முதல் நாள் மாலையே தொடங்கிவிடுவதுண்டு. நிலா எழும்போது எந்த நாளில் திதி ஓடுகிறதோ அந்த இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் திருவண்ணாமலை பேருந்துகளில் கிரிவலக் கூட்டம் அலைமோதும், வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசி மாதங்கள் மனப்பாடத்துக்கும் கிரேக்கப் புராணத்துக்கும். அன்னை தெய்வம் ரியா கைக்குழந்தை ஸீயஸைக் கிரீட்டில் ஒளித்து வைத்த கதை, கிரீட்டின் அரசன் மினோஸ், அவன் மனைவி பாசிஃபேயி, மகள் அரியாட்னே, லாபிரிந்த் என்னும் புதிர்வழி, இரட்டைக் கோடரி. இவற்றைச் சுருக்கமாகத் தெரிந்தால் போதாது, யாரையாவது உட்காரவைத்துச் சொல்லத் தெரிய வேண்டும். மனப்பாடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது நம் பகுதிக்காரர்களுக்குப் புரியும். தெருக்கூத்தில் பாட்டை ஏட்டைப் பார்த்துப் பாடுபவனுக்கு ஆட்டம் வராது. சடங்கிலும் தாளைப் பார்த்துப் படிப்பவரின் கை வேலையை மறந்துவிடும், அகல் கவிழ்வதும் அப்போதுதான்.

தீட்சைக்குப் பிறகு மரபின் நூலைக் கையால் படியெடுக்க வேண்டும். நகலோ ஸ்கேனோ கூடாது. ரகசியத்துக்காக மட்டும் இல்லை. கையால் எழுதியவருக்குத்தான் எங்கே எந்த வரி என்று வட்டத்தில் நிற்கும்போது நினைவு வரும்.

அம்மா, தங்கையோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன். வட்டம் போட இடம் இல்லை, கதவைச் சாத்தினால் என்ன என்று கேட்பார்கள். எப்படிச் செய்வது? – குடியாத்தம் வாசகர்

கார்ட்னேரியன், அதாவது கார்ட்னர் வழி வந்த மரபில் வட்டத்தின் குறுக்களவு 9 அடி. நடுவில் ஒரு ஆணியிலிருந்து நாலரை அடி நூலைச் சுற்றினால் கிடைப்பது. அது பலர் நிற்பதற்கான அளவு. தனியாகப் பயிற்சி செய்பவருக்கு 5 அடி தாராளம். கட்டிலை நகர்த்த முடியாவிட்டால் வட்டம் கட்டிலின் மேலேயே போகட்டும். தரையில் கோடு கிழிப்பது கண்ணுக்கு உதவிதான், வட்டத்தைப் போடுவது உங்கள் கவனம்.

தேவையானவை மிகக் குறைவு. ஒரு டம்ளர் தண்ணீர், மூன்று சிட்டிகை கல் உப்பு, ஒரு அகல், ஒரு ஊதுபத்தி. கிழக்கு காற்றுக்கு, தெற்கு நெருப்புக்கு, மேற்கு தண்ணீருக்கு, வடக்கு மண்ணுக்கு. கிழக்கில் தொடங்கிக் கோயிலை வலம் வருவதுபோல் வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். முதல் சுற்று வெறுங்கையால் எல்லை இடுவதற்கு, இரண்டாவது உப்புத் தண்ணீர் தெளித்து, மூன்றாவது ஊதுபத்தியோடு. நான்கு திசைகளுக்கும் நின்று ஒரு வரி சொல்லுங்கள். பிறகு நடுவில் பத்து நிமிடம் உட்காருங்கள். முடிக்கும்போது நான்கு திசைகளுக்கும் நன்றி சொல்லி, எல்லையைக் கலைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

எல்லோரும் தவறுவது இந்தக் கடைசிக் கட்டத்தில். அம்மா கூப்பிட்டார் என்று பாதியில் எழுந்து ஓடிவிடுவார்கள். அன்றிரவு தூக்கம் வராது, தலை கனக்கும், எரிச்சல் வரும். பேய் பிசாசு எதுவும் இல்லை. கவனத்தை உச்சியில் ஏற்றிவிட்டு இறக்காமல் விட்டதுதான் காரணம். அவசரமாக எழ வேண்டி வந்தால் இரு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி மூன்று மூச்சு விடுங்கள், முடிந்தது என்று வாயால் சொல்லுங்கள், ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். சடங்கின் முடிவில் பலகாரமும் திராட்சை ரசமும் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மது கட்டாயம் இல்லை, திராட்சைச் சாறு போதும்.

நெருப்பைப் பற்றி. கப் சாம்பிராணி ஜன்னல் சாத்திய சின்ன அறையில் ஏற்றக் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, மயக்கம் வருவதும் தெரியாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அல்லது ஒற்றை ஊதுபத்தியோடு நிறுத்துங்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரிக்கு மேல் போகும் நம் ஊரில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இரவில் உட்கார்ந்தால் வியர்வையில் உடம்பு வற்றும். விசிறியைப் போட்டால் அகல் அணையும். அந்த இரண்டு மாதமும் விடிகாலை நாலரை மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது அகலுக்குச் சிம்னி போடுங்கள்.

வீட்டுக்கு என்ன சொல்வது என்பது உங்கள் முடிவு. விளக்கேற்றித் தியானம் செய்கிறேன் என்பது பொய்யில்லை. நோட்டு மட்டும் பூட்டில் இருக்கட்டும். தங்கை தற்செயலாகப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதை விட, நீங்களாகச் சொல்லும் நாளில் தெரிவது இருவருக்கும் நல்லது.

மயானக் கொள்ளையில் எனக்கு அருள் வரும். மூன்று வருடமாகப் பாலாற்றங்கரை வரை ஆடிப்போகிறேன். விக்காவில் தெய்வத்தை உடம்பில் இறக்குவார்களாமே. எனக்கு அது எளிதாக வருமா? – வேலூர் வாசகர்

திறப்பது எளிதாக இருக்கலாம். அதனாலேயே உங்களுக்குக் கூடுதல் பயிற்சி தேவை.

அங்காளம்மன் ஊர்வலத்தில் அருள் வரும்போது உங்களைச் சுற்றி ஊரே இருக்கிறது. பம்பையும் உடுக்கையும் ஏற்றுகின்றன, பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது, எலுமிச்சம்பழமும் விபூதியும் கொடுத்து மலையேற்றத் தெரிந்த பூசாரி இருக்கிறார். இறங்குவதை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். விக்காவில் 'நிலவை இறக்குதல்' அமைதியான சடங்கு. அழைப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர். எப்போது ஏற்பது, எந்த அளவுக்கு, எப்போது திருப்பி அனுப்புவது என்பது ஏற்பவர் கையிலேயே இருக்க வேண்டும். அதனால் புதியவர்களுக்கு முதலில் கற்றுத்தருவது இறங்கி வருவதைத்தான். வருகிற அருளை 'இப்போது வேண்டாம்' என்று நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். நிறுத்த முடியாதவரை யாரும் அந்த இடத்தில் நிற்கவைக்க மாட்டார்கள்.

இரண்டையும் கலக்காதீர்கள். அங்காளம்மனுக்கு ஆடுவது உங்கள் குலத்தின் கடன், அது அங்கேயே நடக்கட்டும். பௌர்ணமி வட்டத்தில் உடுக்கைச் சத்தத்தைப் போனில் போடுவது, அங்காளம்மன் பெயரைச் சொல்லி அஸ்டெரியோனை அழைப்பது எல்லாம் உடம்புக்கு எந்தக் கதவு திறக்கிறது என்று தெரியாமல் செய்துவிடும். மயானக் கொள்ளைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பயிற்சிக்கு விடுமுறை விட்டுவிடுங்கள்.

இரண்டு கையிலும் பாம்பு பிடித்திருக்கும் கிரீட்டின் தேவியும் நம் நாகாத்தம்மனும் ஒன்றுதானே? – ஆம்பூர் வாசகர்

ஒன்று என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்தப் பொம்மைகள் 1903-இல் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் கிரீட்டின் நாசோஸ் அரண்மனை அகழாய்வில், தரைக்கடியிலிருந்த குழிகளில் உடைந்த நிலையில் கண்டெடுத்தவை. சுமார் 3,600 ஆண்டுப் பழமை. பிரபலமான சின்னப் பொம்மையின் தலை கிடைக்கவில்லை, இன்று நாம் பார்ப்பது புதிதாகச் செய்து வைத்த தலை. அதன் உச்சியிலுள்ள பூனை தனியாகக் கிடைத்த துண்டு. மினோவர்களின் 'லீனியர் ஏ' எழுத்தை இன்றுவரை யாரும் படிக்கவில்லை. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்த 'லீனியர் பி' அவர்களுக்குப் பின் வந்த கிரேக்கர்களுடையது. ஆகவே மினோவர்கள் அவளை என்ன பெயரில் அழைத்தார்கள் என்பதுகூடக் கிடைக்கவில்லை.

பிரதர்ஹூட்டின் சடங்கு அந்தக் காலத்திலிருந்து அறுபடாமல் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1977-இல் ஒரு மனிதன் தொல்லியலையும் புராணத்தையும் தன் ஏக்கத்தையும் சேர்த்துக் கட்டியது அது. அதனால் அதன் மதிப்பு ஒரு அணுவும் குறையாது.

புற்றுக்குப் பால் ஊற்றுவது தொடரட்டும். வட்டத்துக்குள் அவளைக் கொண்டுவர வேண்டாம், அவளுக்கென்று முறை இருக்கிறது.

தீட்சை இரவில் என்ன நடக்கும்? ஆடையில்லாமல் என்கிறார்கள். உடலுறவு உண்டா? வெளிப்படையாகச் சொல்லுங்கள். – ராணிப்பேட்டை வாசகர்

மினோவன் சடங்கின் உரை சத்தியத்துக்குள் இருப்பது, அதை அச்சிடுவதற்கில்லை. கார்ட்னேரியன் சடங்கின் அமைப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே நூல்களில் வந்துவிட்டது, அதைச் சொல்லலாம். வட்டத்தின் விளிம்பில் கண்ணைக் கட்டி நிறுத்துவார்கள். கையைக் கயிற்றால் கட்டியிருக்கும். 'உள்ளே வர மனமார விரும்புகிறாயா' என்று கேட்பார்கள். அந்த இடத்தில் 'இல்லை' என்று சொல்லித் திரும்பலாம், அதற்குத்தான் அந்தக் கேள்வி. நான்கு திசைகளுக்கும் காட்டி, நூலால் உடம்பை அளந்து, சத்தியம் வாங்கி, எண்ணெய் தொட்டு வைத்து, கருவிகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பார்கள். ஆடையில்லாமல் வழிபடுவது அந்த மரபின் வழக்கம். கயிறு தளர்வாகத்தான் இருக்க வேண்டும். விரல் மரத்தால் உடனே சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் விரதம் இருக்கக் கூடாது, முன்கூட்டியே தெரிவியுங்கள்.

மினோவன் மரபு ஆணும் ஆணும் கொள்ளும் காமத்தைப் புனிதம் என்கிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் காமம் புனிதம் என்பதும், உன்னைத் தொட எனக்கு உரிமை இருக்கிறது என்பதும் முற்றிலும் வேறு. என்னென்ன நடக்கும், எங்கெங்கே தொடுவார்கள் என்பதைச் சடங்குக்கு வாரங்கள் முன்பே, பகலில், ஆடையோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் முகம் மாறாமல் ஏற்க வேண்டும். 'என்னோடு படுத்தால்தான் பயிற்சி' என்பவர் எந்த மரபின் பெயரைச் சொன்னாலும் ஆசிரியர் இல்லை. அந்த இரவில் மது, போதை, போன், கேமரா ஏதாவது அறைக்குள் வந்தால் ஆடையைப் போட்டுக்கொண்டு வெளியேறுங்கள். வந்துசேரும் செலவையும் திரும்பும் செலவையும் உங்கள் பையிலேயே வைத்திருங்கள், தங்கும் இடம் வேறாக இருக்கட்டும்.

சத்தியம் செய்தால் எதை மறைக்க வேண்டும்? மீறினால் தெய்வக் குற்றம் வருமா? – வாலாஜா வாசகர்

சடங்கின் உரை, உள்ளே நடந்தவை, கூட இருந்தவர்களின் பெயர். இந்த மூன்றில் நம் பகுதிக்கு மூன்றாவதுதான் உயிர். சடங்கு உரை வெளியே போனால் மரபுக்கு வருத்தம். ஆனால் ஒருவரின் பெயர் வாலாஜாவில் வெளியே போனால் ராணிப்பேட்டையில் அவர் வேலை செய்யும் தோல் தொழிற்சாலைக்கும், ஆரணியில் அவர் அக்கா வீட்டுக்கும் மறுநாளே போய்விடும். அதனால் குழுவில் இருக்கும்போது மட்டுமில்லை, சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த பிறகும் பெயர் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப் குழு வைக்காதீர்கள். போனில் ஒருவரை அவருடைய வட்டப் பெயரில் (சடங்கில் வைத்துக்கொள்ளும் பெயரில்) சேமிக்காதீர்கள்.

சத்தியம் காக்காதது ஒன்று உண்டு. உங்களைப் பலவந்தப்படுத்தினாலோ, பணம் பறித்தாலோ, சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தாலோ அதைப் போலீசிலோ வழக்கறிஞரிடமோ சொல்வது சத்திய மீறல் ஆகாது. ஆகும் என்று சொல்லி வாங்கிய சத்தியத்துக்கு எந்தக் கட்டும் இல்லை.

எனக்கு 17 வயது. சேர முடியுமா? – பெயரும் ஊரும் போடாத வாசகர்

முடியாது தம்பி. 18 ஆகும் வரை எந்த நேர்மையான குழுவும் உன்னைச் சேர்க்காது. சேர்க்கிறேன் என்பவரிடமிருந்து விலகி இரு. மூச்சுப் பயிற்சி, கனவு நோட்டு, கிரேக்கப் புராணம் இவை மூன்றுக்கும் வயது தடையில்லை. ப்ளஸ் டூவை முதலில் முடி.

மருந்து சாப்பிடுகிறேன். காதில் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது இல்லை. பயிற்சி ஆரம்பித்தால் மருந்தை நிறுத்தலாமா? – வேலூர் மாவட்ட வாசகர்

நிறுத்தக் கூடாது. மனக்கண் பயிற்சியையும் தெய்வத்தை இறக்கும் எதையும் இப்போது தொடாதீர்கள். இல்லாததைக் காணப் பழக்கும் பயிற்சி அது. அடங்கியிருக்கும் குரலைத் திரும்ப எழுப்பக் கூடும். நிலவைப் பார்ப்பதும் விளக்கேற்றுவதும் போதும். உங்கள் மருத்துவரிடம் இந்த ஆர்வத்தைச் சொல்லுங்கள். பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையம் உங்களுக்குப் பக்கம். இரவில் தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மனஸ் எண் இருக்கிறது. மருத்துவர் யாராவது உங்கள் தன்பாலீர்ப்பையே 'மாற்றுகிறேன்' என்று சொன்னால் அது வேறு கதை. சென்னை உயர்நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பை ஒட்டி, 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்துவிட்டது. வேறு மருத்துவரைப் பாருங்கள், மருந்தை மட்டும் விடாதீர்கள்.

கத்தி வாங்க வேண்டுமாமே? எங்கே, எந்த அளவு? வெளிநாட்டுக் குழுவுக்கு முதல் கடிதத்தில் என்ன எழுதுவது? – காட்பாடியிலிருந்து இன்னொருவர்

சடங்கில் மட்டும் பயன்படும், கறுப்புப் பிடி போட்ட, இரண்டு பக்கமும் விளிம்புள்ள கத்தி அது. எதையும் வெட்டப் பயன்படாது, கூர் தீட்ட வேண்டியதில்லை. அலகு 5 அல்லது 6 அங்குலம் போதும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ போனால் ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும். கொல்லரிடம் அடிக்கச் சொல்லலாம். பேரம் பேசாமல் கேட்ட விலை கொடுப்பது வழக்கம். பயிற்சிக் காலத்தில் அவசரமில்லை, சுட்டுவிரல் போதும். காட்பாடி ஜங்ஷனில் ரயிலேறும்போது அதைப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வயது, நாடு, எவ்வளவு நாளாகப் பயிற்சி, நோட்டிலிருந்து ஒரு வாரத்துப் பதிவு, ஏன் ஆண்களுக்கான மரபு, பயணம் செய்ய முடியுமா, வீட்டில் எந்த அளவுக்குத் தெரியும். உண்மைப் பெயரும் படமும் முதல் கடிதத்தில் தேவையில்லை. தொலைவிலிருந்து பயிற்சி தரலாம், தீட்சை நேரில்தான். 'தீட்சை எப்போது கிடைக்கும்' என்று முதல் கடிதத்தில் கேட்காதீர்கள், 'என்ன படிக்கட்டும்' என்று கேளுங்கள். பதில் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை நினைவூட்டல் ஒன்றுக்கு மேல் அனுப்ப வேண்டாம்.